எங்கள் அப்பா அந்தக் கட்டுரையை எழுதவில்லை

மருத்துவ, அறிவியல் ஆய்விதழ்கள் வெளியிடும் ஒரு பெரிய நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு, வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து.

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் வேலைதான் சுற்றி வளைத்து என் வீடு வரை வந்து எனக்குச் சோறு போடுகிறது, அந்தப் பயம் ஒன்று. நான் சொல்லப்போகிற தப்பை உங்கள் தொழிலில் உங்களைத் தவிர வேறு யாரும் செய்வதில்லை என்றும் சொல்ல முடியாது, அது இன்னொன்று. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், நம்மைத்தான் சொல்கிறாள் என்று.

என்னை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வேலையைச் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிறீர்கள். அவர்கள் அதில் ஒரு பங்கை என்னைப்போல வீட்டில் உட்கார்ந்து செய்கிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். டாக்டர்களும் விஞ்ஞானிகளும் வேர்டில் அடித்து அனுப்புகிற கட்டுரையைக் கம்ப்யூட்டர் படிக்கிற எக்ஸ்எம்எல் வடிவமாக்கி, எது தலைப்பு, எது பெயர் என்று டேக் போட்டு, ப்ரூஃப் எடுத்து, அவர்கள் சொல்கிற கரெக்ஷனை ஏற்றித் திருப்பி அனுப்புகிறேன், பதினாலு வருடமாக. கட்டுரையில் இருப்பது பாதிக்கு மேல் எனக்குப் புரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கிருமியின் பெயர் சாய்வெழுத்தில் வரணும், எந்த எண் மேலே ஏறணும், எது கீழே இறங்கணும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்த மடல் ஒரு பெட்டியைப் பற்றி. கட்டுரை அனுப்புகிற உங்கள் தளத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கிறது இல்லையா, அதில் இரண்டாவது பெட்டி. பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரக் குறி. கட்டாயம் நிரப்பணும்.

என் தங்கச்சி நுண்ணுயிரியல் படித்தவள். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழில் என்னென்ன விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதில் ஒன்றான குரோமியம்-6 என்ற விஷ வடிவத்தை, விஷம் குறைந்த குரோமியம்-3 ஆக மாற்றுகிற பாக்டீரியாக்கள் பற்றித்தான் அவள் வேலை. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் மு. செல்வி. அவ்வளவுதான் அவள் பெயர். அதில் மு என்பது குடும்பப் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, சாதிப் பெயரும் இல்லை (அது இல்லாமல் போனதற்கு இந்த மாநிலத்தில் ஒரு பெரிய கதையே இருக்கிறது, சாதியைப் பெயருக்குப் பின்னால் இருந்து எங்கள் தாத்தா காலத்துக்காரர்கள் வேண்டுமென்றேதான் உதறினார்கள்). இந்த முனுசாமியின் மகள் என்பதற்கு ஒரு எழுத்து, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

முதல் கட்டுரையில் ஒன்பது பேரில் அவள் ஐந்தாவது. உங்கள் பெட்டி கடைசிப் பெயர் கேட்டது. கட்டுரையை அனுப்பின சீனியர், வேறு வழி தெரியாமல், முதல் பெட்டியில் செல்வி, இரண்டாவது பெட்டியில் முனுசாமி என்று அடித்துவிட்டார். அச்சில் அது செல்வி முனுசாமி என்று வந்தது, சரி, பார்க்க ஒன்றும் மோசமில்லை. மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் ஏறும்போது முனுசாமி எஸ் ஆகிவிட்டது.

அவள் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு குடியாத்தத்துக்குப் போனாள். அப்பா தறிக்காரர், லுங்கி நெய்கிறவர். ஆங்கிலம் தெரியாது, ஆனால் பேங்க் பாஸ்புக்கில் பார்த்துப் பார்த்துத் தன் பேரை மட்டும் ஆங்கிலத்தில் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார். தறிக் குழியிலிருந்து ஏறி வந்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, தாளைத் தூரமாகப் பிடித்து விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார். "இன்னாம்மா, என் பேரு கீது. உன் பேரு எங்க?" என்றார். அவள் அந்த எஸ்ஸைக் காட்டினாள். "இந்த ஒத்த எழுத்துக்கா இத்தினி வருசம் படிச்ச?"

அப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், அதை நான் மறைக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய்விட்டு வந்தார். ஆனால் ஆய்வகத்தில் ராத்திரி பகலாக நின்றது அவர் இல்லை.

இரண்டாவது கட்டுரையில் உஷாராகச் சான்றிதழில் இருக்கிற மாதிரி இனிஷியலோடு கொடுக்கலாம் என்று, முன்னால் இருந்த இனிஷியலை இரண்டாவது பெட்டியில் போட்டார்கள், செல்வி எம். இயந்திரத்துக்கு அந்த எம் குடும்பப் பெயர் ஆகிவிட்டது, அவள் எம் எஸ் ஆகிவிட்டாள். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் "எம் மற்றும் பிறர்" என்று எழுதுகிறார்கள். சிரிக்காதீர்கள், மேற்கோள் பட்டியல்களில் இந்த ஒற்றை எழுத்துக் குடும்பத்தாரை நான் அடிக்கடி பார்க்கிறேன். கே மற்றும் பிறர், எஸ் மற்றும் பிறர், ஆர் மற்றும் பிறர். எல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். மூன்றாவது தடவை வெறுத்துப்போய் இரண்டு பெட்டியிலும் செல்வி என்றே அடித்தாள். செல்வி செல்வி. ஆக, ஒரே ஆள் உங்கள் கணக்கில் மூன்று பேர், அதில் ஒருவர் எங்கள் அப்பா. வேலைக்கு விண்ணப்பம் போடும்போதெல்லாம் இந்த மூன்று பேரும் நான்தான் என்று அவள் தனியாக ஒரு கடிதம் இணைக்கிறாள்.

இது அவள் கதை. என் கதை இதைவிடக் கேவலம்.

போன மே மாதம், ராத்திரி இரண்டரை மணி, கரண்ட் போய் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திக்கொண்டிருக்கிறது. வேலூர் மே மாதத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, ராத்திரியிலும் சுவர் சுடும். ஒரு இதய நோய்க் கட்டுரை, விடிவதற்குள் போகணும். ப்ரூஃப் பார்த்துவிட்டுக் கட்டுரை ஆசிரியர் ஒருவர் கரெக்ஷன் அனுப்பியிருந்தார்: என் பெயருக்குப் பின்னால் இருப்பது என் அப்பாவின் பெயர், அது குடும்பப் பெயர் அல்ல, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பணிவாக, ஒரே வரி. எடுத்தேன். கோப்பு விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கிற வேலிடேட்டரை ஓட்டினேன். சிவப்பு. சர்நேம், அதாவது குடும்பப் பெயர், காலியாக இருக்கக் கூடாது என்கிறது. டேக்கையே தூக்கினேன். மறுபடியும் சிவப்பு. டீம் லீடருக்குப் போன் போட்டேன். பாவம், அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். "ஒரு டாட் போட்டு அனுப்பிடும்மா, பாஸ் ஆயிடும்" என்றார்.

டாட் போட்டேன். பாஸ் ஆகிவிட்டது.

அந்த ஆசிரியரின் குடும்பப் பெயர் இன்று ஒரு முற்றுப்புள்ளி. அது முதல் தடவையும் இல்லை, கடைசித் தடவையும் இல்லை. புள்ளி, சிறு கோடு, சில சமயம் பெயரையே இரண்டு தரம். பதினாலு வருடத்தில் எத்தனை பேருக்கு இப்படிப் பொட்டு வைத்து அனுப்பினேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணப் பயமாக இருக்கிறது.

இத்தனைக்கும் குற்றம் தரத்தில் இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நாம் எல்லோரும் எழுதுகிற எக்ஸ்எம்எல்லுக்கு ஜாட்ஸ் என்று பெயர், அமெரிக்கத் தர நிறுவனம் நைசோ 2012-ல் அதை அதிகாரப்பூர்வத் தரமாக வெளியிட்டது. அதில் பெயருக்கு ஒரு குறிப்பு போடலாம்: இது மேற்கத்தியப் பாணி, இது கிழக்கத்தியப் பாணி, இது ஐஸ்லாந்துப் பாணி, இது சொந்தப் பெயர் மட்டும் என்று. நாலாவதைப் பாருங்கள், "கிவன் ஒன்லி". தரத்தை எழுதினவர்களுக்கு எங்களைத் தெரிந்திருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர்களும் எங்களைப்போலத்தான், பெயருக்குப் பின்னால் இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்றுதான் வரும், டெலிபோன் புத்தகத்தில்கூடச் சொந்தப் பெயர் வரிசையில்தான் தேடணும். அந்த நாட்டு மக்கள்தொகை மொத்தமே சுமார் நாலு லட்சம், எங்கள் வேலூரையும் சுற்று வட்டாரத்தையும் சேர்த்தால் தாண்டிவிடுவோம். அவர்களுக்கு ஒரு தனி இடம் கொடுத்தது நியாயம், நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படியே ஏழு கோடிக்கு மேல். எங்களுக்கும் தரத்தில் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு வரும் வழியைத்தான் நீங்கள் ஒரு சிவப்பு நட்சத்திரம் வைத்து அடைத்திருக்கிறீர்கள்.

ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள், பதினாறு இலக்கம், 2012-ல் தொடங்கினது, நல்ல ஏற்பாடு. அந்த ஆர்கிட் தளத்தில் போய்ப் பாருங்கள், முதல் பெயர்தான் கட்டாயம், கடைசிப் பெயரைக் காலியாக விடலாம். ஆக, ஒருத்தி ஆர்கிட்டில் வெறும் செல்வியாகப் பதிந்து, அந்த எண்ணை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தால், நீங்கள் அவளிடம் "உன் அப்பா எங்கே" என்று கேட்கிறீர்கள்.

கட்டுரைகளுக்கு நிரந்தர எண் பதிகிற க்ராஸ்ரெஃபுக்குப் போகிற கோப்பில் சர்நேம் கட்டாயமாச்சே என்று உங்களில் ஒருவர் சொல்வார், எனக்குத் தெரியும். ஆமாம், கட்டாயம்தான். ஆனால் ஒற்றைப் பெயர்க்காரர் வந்தால் அந்த ஒற்றைப் பெயரையே சர்நேம் இடத்தில் போட்டுவிட்டால் முடிந்தது, அங்கே கிவன் நேம்தான் கட்டாயமில்லை. செல்வி அங்கே செல்வியாகவே போகலாம், கூட அப்பா வரத் தேவையில்லை, புள்ளியும் தேவையில்லை. கோப்பை அந்தப் பக்கம் அனுப்புகிற உங்கள் ஸ்க்ரிப்டில் அது ஒரு "இல்லையென்றால் இதை எடு" வேலை. எனக்கே எழுதத் தெரியும், நான் கம்ப்யூட்டர் படிப்பு படித்தவளும் இல்லை.

நீங்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. மியூ விஷயத்தில் உங்கள் அக்கறையைப் பார்த்திருக்கிறேன். வெளி ஆட்களுக்காகச் சொல்கிறேன்: பழைய வேர்டு ஃபைல்களில் சிம்பல் என்ற எழுத்துருவில் எம் எழுத்தை அடித்தால் கிரேக்க மியூ தெரியும். கண்ணுக்கு மைக்ரோகிராம். ஆனால் உள்ளே இருப்பது வெறும் எம். ஃபைல் கை மாறி எழுத்துரு கழன்றுவிட்டால் அது மில்லிகிராம் ஆகிவிடும், மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு. ஆள் செத்துப்போகிற தப்பு. போதாததற்கு யூனிகோடில் மியூ இரண்டு, மைக்ரோ குறி தனி, கிரேக்க எழுத்து தனி, பார்க்க ஒரே மாதிரி, தேடினால் ஒன்று கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. இதற்காக நீங்கள் தனியாக ஒரு செக் வைத்திருக்கிறீர்கள், சிம்பல் எழுத்துரு எங்கே இருந்தாலும் ஜாப் நின்றுவிடும், நான் ஒவ்வொன்றாகத் திறந்து அசல் ஃபைலோடு ஒப்பிட்டுக் கையெழுத்து மாதிரி ஒரு டிக் போட்டால்தான் நகரும். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் அந்த செக்கை வைத்தவருக்கு நான் மனதுக்குள் கும்பிடு போட்டிருக்கிறேன். அந்த மியூவுக்குக் கொடுத்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கு எங்கள் மு-வுக்கும் கொடுங்கள் என்கிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். எக்செல்லில் செப்ட்2 என்ற மரபணுவின் பெயரை அடித்தால் அது செப்டம்பர் 2 ஆகிவிடும், மார்ச்1 என்ற மரபணு மார்ச் 1-ஆம் தேதி ஆகிவிடும். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தத் தப்பு இருப்பதாகச் சொன்னது. கடைசியில் என்ன செய்தார்கள்? எக்செல்லோடு மல்லுக்கு நிற்க முடியாமல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள், 2020-ல் அதற்கான புது வழிகாட்டுதலும் வந்தது. செப்ட்2 இப்போது செப்டின்2. மைக்ரோசாஃப்ட் அதற்கு அப்புறம், 2023-ல்தான், அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திக்கொள்ள ஒரு வசதி கொடுத்தது. மென்பொருளுக்குப் பயந்து மரபணு பெயரை மாற்றிக்கொண்டது, சரி, போகட்டும், மரபணுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்தவர்கள் யாரும் இல்லை. எங்களையும் அப்படித்தான் செய்யச் சொல்கிறீர்கள், வாயால் சொல்லாமல். இங்கே கல்லூரிகளில் பேராசிரியர்களே பிள்ளைகளிடம் "முதல் பேப்பருக்கு முன்னாடியே ஒரு சர்நேம் முடிவு பண்ணிக்கோ" என்று புத்தி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பழைய வட ஆற்காடு முழுக்க ஒரு தலைமுறையே உங்கள் பெட்டிக்காகப் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது.

பெரியவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள், பாருங்கள். சி. வி. ராமனின் சொந்தப் பெயர் கடைசியில் வந்தது, அப்பா சந்திரசேகர ஐயர் முன்னால் இனிஷியலில் போய்விட்டார், அதனால் ராமன் விளைவு ராமனுடைய பெயரில்தான் இருக்கிறது. அவருடைய அண்ணன் மகன் சுப்ரமணியன் சந்திரசேகருக்கும் அதே அதிர்ஷ்டம், சந்திரசேகர் எல்லை அவருடைய சொந்தப் பெயர், முன்னால் இருக்கிற சுப்ரமணியன்தான் அப்பா. 2009-ல் ரைபோசோமுக்காக வேதியியல் நோபல் வாங்கின, சிதம்பரத்தில் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணனுக்கு வரிசை மாறிப்போனது. அவர் வெங்கி. ராமகிருஷ்ணன் அவருடைய அப்பா, சி. வி. ராமகிருஷ்ணன், அவரும் ஒரு உயிர்வேதியியல் விஞ்ஞானி. உலகம் முழுக்க மாணவர்கள் "ராமகிருஷ்ணன் மற்றும் பிறர்" என்று எழுதும்போது அப்பாவைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள், அப்பாவும் கட்டுரை எழுதினவர் என்பதால் குழப்பத்துக்கு இன்னும் வசதி. செஸ்ஸில் ஆனந்தை வெளிநாட்டுக்காரர்கள் விஷி என்று கூப்பிட்டதும் இதே கதைதான், விஸ்வநாதன் அவர் அப்பா. நோபல் வாங்கினவருக்கு இது ஒரு வேடிக்கையாகப் போய்விடும், யாரும் அவரைத் தொலைத்துவிட மாட்டார்கள். ஒன்பது பேரில் ஐந்தாவதாக நிற்கிற தறிக்காரர் மகள் தொலைந்துபோவாள்.

பழசைத் திருத்தச் சொல்லி என் தங்கச்சி உங்களுக்கு எழுதினாள். தானியங்கிப் பதில் வந்தது. அப்புறம் ஒரு மனிதரிடமிருந்தும் வந்தது: வெளியான பதிவை மாற்றுவது வழக்கமில்லை, மாற்றணும் என்றால் சட்டப்படியான குடும்பப் பெயருக்கு அத்தாட்சி இணைக்கவும். இல்லாத பெயருக்கு அத்தாட்சிக்கு எங்கே போவது, தாசில்தார் ஆபீஸில் "குடும்பப் பெயர் இன்மைச் சான்றிதழ்" என்று ஒன்று கேட்டால் அவர் எங்களை மேலும் கீழும் பார்ப்பார். வழக்கமில்லை என்பதும் முழு உண்மை இல்லை. 2020-க்கு அப்புறம் பெரிய பதிப்பகங்கள் பலவும் பெயர் மாற்றத்துக்கு ஒரு கொள்கை கொண்டுவந்துவிட்டன, முக்கியமாகத் திருநர் ஆய்வாளர்கள் போராடினதால். பழைய கட்டுரையிலும் பெயரை மாற்றித் தருகிறார்கள், அதற்குத் திருத்த அறிவிப்புகூடப் போடுவதில்லை. அவர்கள் திறந்துவிட்ட கதவுக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள். அதே கதவில் எங்களையும் விடுங்கள், நாங்கள் பெயரை மாற்றக்கூடக் கேட்கவில்லை, நீங்கள் மாற்றினதைத் திருப்பித்தான் கேட்கிறோம்.

இங்கே வேலூர் காந்தி ரோட்டில் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற லாட்ஜுகளில் போய்ப் பாருங்கள். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிற ஜனம். ரிசப்ஷனில் இருக்கிற பையன் பெரிய நோட்டு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு "பேர் சொல்லுங்க" என்பான். சொன்னதை எழுதுவான். ஒரு பெயர் சொன்னால் ஒன்று, மூன்று சொன்னால் மூன்று. யாரையும் திருப்பி அனுப்பினதில்லை. அந்த நோட்டில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான்.

நீங்களும் பெயருக்கு ஒரே பெட்டி வைத்து, "உங்கள் பெயர் எப்படி அச்சாகணும்" என்று கேளுங்கள். பக்கத்தில் இன்னொன்று, "மேற்கோளில் எப்படிச் சுருக்கணும்" என்று. கடைசிப் பெயர்ப் பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும், அந்த நட்சத்திரத்தை மட்டும் எடுங்கள். வேலிடேட்டரில் கிவன் ஒன்லியை அனுமதியுங்கள், அது எங்கள் டீம் லீடருக்கும் ஒரு நல்ல தூக்கம். புள்ளியும் கோடும் சர்நேமாக இருக்கிற பழைய பதிவுகளை உங்கள் சர்வரில் ஒரு தேடல் போட்டாலே வரிசையாக வந்து நிற்கும், நான் போட்டவையும் அதில் இருக்கும். அவர்களுக்கு நீங்களே முதலில் ஒரு மெயில் எழுதுங்கள்.

இந்த மடலை எழுதுகிற நேரத்தில் என் வரிசையில் ஒரு ஜாப் நிற்கிறது. சிறுநீரகக் கட்டுரை, ஏழு ஆசிரியர்கள், நாலாவது ஆள் வேலூர்க்காரர், உங்கள் தளத்திலிருந்து வந்த ஃபைலிலேயே சர்நேம் இடத்தில் புள்ளி. நான் அதை அப்படியே பாஸ் பண்ணவில்லை. புள்ளியை எடுத்துவிட்டேன், வேலிடேட்டர் சிவப்பில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். ஆசிரியருக்குப் போகிற க்வெரியில் "உங்கள் பெயர் என்ன?" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் டெலிவரி. அதற்குள் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
செல்வியின் அக்கா